அவர் திட்டினால் வாங்கலாம்

ஒரு சிடியை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒவ்வொருவருக்கும் ஒரு வழி உண்டு. எங்கள் மாடிவீட்டு அக்காவின் வழி விசித்திரமானது. பார்த்தே இராத ஓர் ஆள் அந்த சிடியைத் திட்டி எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் வாங்குவாள்.

அந்த ஆள் பெங்களூரில் அச்சாகிக்கொண்டிருந்த ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர். முழுப் பெயர் போட்டுக்கொள்ள மாட்டார். கட்டுரை முடிகிற இடத்தில் இரண்டு எழுத்து இருக்கும், அவ்வளவுதான். அக்கா அவருக்கு எதிர்வீட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்கு எதிரே வீடே கிடையாது. காலி மனைதான், யாரோ கொட்டிவைத்த செங்கல் குவியலோடு. அக்கா மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்தச் செங்கல்லைப் பார்த்தபடி, "எதிர்வீட்டுக்காரன் இந்த மாசம் இன்னா சொல்றான் தெரியுமாடி?" என்று ஆரம்பிப்பாள். புதிதாக வந்த பால்காரர் ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து பால் பாக்கெட்டை கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

அக்காவுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் அட்டைக் கம்பெனியில் வேலை. ஊர் ஊராகப் பழைய பேப்பர் கட்டுக் கட்டாக லாரியில் வந்து இறங்கும். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கி அட்டை செய்வார்கள். கூழாவதற்கு முன்னால் பிளாஸ்டிக்கையும் பின்னையும் பொறுக்கி எடுக்கும் பகுதிக்கு அக்காதான் பொறுப்பு. அங்கேதான் அந்தப் பத்திரிகை அவளுக்குக் கிடைத்தது. வரிசையாக எப்படிக் கிடைக்கும்? இந்த வருஷத்து இதழுக்கு அடுத்ததாக ஐந்து வருஷத்துக்கு முந்தையது வரும். அதனால் எதிர்வீட்டுக்காரர் அக்காவுக்கு முன்னும் பின்னுமாகத்தான் வயதானார். ஒரு மாதம் தலை நரைத்த ஆள் மாதிரி எழுதுவார், அடுத்த மாதம் மீசை முளைத்த பையன் மாதிரி.

ஆனால் எந்த வயதிலும் அவருடைய காது அக்காவின் காதுக்கு நேரெதிராக இருந்தது.

ஆரம்பத்தில் அவளும் எல்லாரையும் போல விமர்சனத்தை நம்பித்தான் வாங்கியிருக்கிறாள். அவர் தலைமேல் வைத்துக் கூத்தாடிய ஒரு சிடியை வாங்கி வந்து போட்டால், கம்பெனியில் நாளெல்லாம் ஓடுகிற மெஷின் வீட்டுக்கும் வந்துவிட்ட மாதிரி இருந்ததாம். சரி, ஒன்று அப்படித்தான் போகும் என்று இன்னொன்று வாங்கினாள். அதுவும் அப்படித்தான். மூன்றாவதாக, கடையில் கழித்துக்கட்டுகிற பெட்டியில் ஒரு சிடி கிடந்தது. அதை எதிர்வீட்டுக்காரர் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. அவ்வளவு மோசமாக என்னதான் இருக்கிறது என்று பார்க்க வாங்கினாள். அந்த மழைக்காலம் முழுக்க அது ஒன்றே அவள் வீட்டில் ஓடியது. அதற்குப் பிறகு அவர் புகழ்ந்ததை அவள் தொட்டதில்லை.

"எல்லாரும் திட்டறத வாங்கினா நான் பைத்தியம்டி," என்பாள். "இவன் திட்டறத வாங்கினா எனக்கு ஒரு கணக்கு இருக்குது. பாதி நாள் சரியா பாதி நாள் தப்பா சொல்றவன வெச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது. இவன் ஒழுங்கா தப்பு பண்றவன்."

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் நம்புகிற வயது. நட்சத்திரங்களை நம்புவேன், 'இந்த வருஷத்தின் சிறந்த ஐம்பது' பட்டியலை நம்புவேன், பட்டியலுக்குக் கீழே சண்டை போடுகிறவர்களையும் நம்புவேன். எல்லாமே போனில் ஓசியில் கிடைக்கும்போது இவள் ஏன் சிடி வாங்க வேண்டும் என்பது எனக்குப் புரியவே இல்லை. கேட்டும் விட்டேன்.

"ஓசில கேட்டா காது ஒழுங்கா வேலை செய்யாது," என்றாள். "புடிக்கலன்னா தள்ளி வுட்டுட்டுப் போயிடுவ. காசு குடுத்துட்டன்னா புடிக்கறவரைக்கும் கேப்ப."

"அப்ப காசு குடுத்ததாலதான் புடிக்குதுன்னு ஒத்துக்கறியா?"

"அவன் புகழ்ந்த ரெண்டுக்கும் நான் காசுதான் குடுத்தேன். புடிச்சுதா?"

மாடிப்படியில் உட்கார்ந்து இப்படி எத்தனையோ முறை மடங்கியிருக்கிறேன். அடுத்த நாள் புது வாதத்தோடு ஏறிப்போவேன்.

அவளோடு சேர்ந்து படித்ததில் எதிர்வீட்டுக்காரரின் பாஷை எனக்கும் பழகிவிட்டது. 'இழுவை' என்று அவர் எழுதினால் அந்தப் பாட்டில் மூச்சு விட இடம் இருக்கிறது என்று அர்த்தம். 'மெருகு போதாது' என்றால் பாடுகிறவளின் தொண்டை கரகரப்பது கேட்கும். 'துணிச்சலான படைப்பு' என்றால் கத்துவார்கள். 'எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி' என்று மட்டும் அவர் எழுதிவிட்டால் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும். குழம்பு கொதிக்கிற நேரம் முழுக்க ஒரே மனநிலையில் நிற்கலாம் என்பாள்.

சிடிக் கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்பக்கம் முழுக்க மொபைல் கவரும் சார்ஜரும். உள்ளே போனால்தான் இரண்டு அலமாரி சிடி. கடைக்காரர் பெண்கள் எல்லாரையும் 'மதாம்' என்று கூப்பிடுகிற பழைய காலத்து மனுஷர். அக்கா எடுத்த சிடியைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இது வேணாம் மதாம். பத்திரிகையிலயே ஒரு ஸ்டார்தான் குடுத்திருக்கான்."

"யார் குடுத்தது?"

"அதெல்லாம் யார் பாத்தா?"

"பாத்து சொல்லுங்க. ஒரு ஸ்டார் யார் வேணா குடுக்கலாம்."

அவர் மேசைக்கடியில் இருந்து இதழை எடுத்து, கண்ணாடியை மேலே தூக்கி, பக்கத்தைக் கண்டுபிடித்துக் கடைசி வரியில் விரல் வைத்து அந்த இரண்டு எழுத்தைப் படித்தார்.

"பில் போடுங்க," என்றாள் அக்கா.

பில் போட்டுக்கொண்டே அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார், "உங்க அக்காவா?"

"மாடிவீட்டு அக்கா."

"வீட்ல பெரியவங்க இருந்தா சொல்லி வைம்மா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைச் சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிடியின் நெகிழித்தாளை நகத்தால் கீறிக்கொண்டே, "அந்தாளு ஸ்டார எண்ணறாரு," என்றாள். "நட்சத்திரத்துல இன்னா தெரியும்? புகழ்றதுக்கு ரெண்டு பாட்டு கேட்டா போதும்டி. திட்டறதுக்கு முழுசா கேக்கணும். எந்த எடத்துல எரிச்சல் வந்துச்சுன்னு சொல்லணும் இல்ல? அதுக்காகவே அவன் மேல எனக்கு மரியாதை."

மரியாதை என்பது வெறும் பேச்சு இல்லை. ஒருமுறை பழைய பேப்பர்க் கட்டிலிருந்து கிடைத்த இதழில் அவர், அக்காவுக்கு உயிரான ஒரு சிடியைப் புகழ்ந்து எழுதியிருந்தார். மென்மையான, ரொம்ப மெதுவான பாட்டுகள். சட்டப்படி அவர் அதை 'இழுவை' என்று சொல்லியிருக்க வேண்டும். அக்கா அன்று வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

"இவனுக்கு இன்னாவோ ஆயிடுச்சுடி."

அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டாள்.

"எதிர்வீட்டுக்காரனுக்கு."

அம்மா உள்ளே போய்விட்டாள். நாங்கள் இருவரும் அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்தோம். நடுவில் ஓர் இடத்தில், தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டேன் என்று எழுதியிருந்தார். அக்கா அந்த வரியிலேயே நின்றுவிட்டாள்.

"பாவம்," என்றாள். "பயத்துல இருந்திருக்கான்."

கொஞ்ச நாளைக்கு அவளுக்கு அதே கவலை. அந்த அம்மா பிழைத்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள அடுத்த மாதத்து இதழ் வேண்டும். அது எந்த லாரியில் எந்தக் கட்டில் வரும் என்று யாருக்குத் தெரியும்? பொறுக்குகிற பெண்களிடமெல்லாம் அட்டைப் படத்தின் அடையாளத்தைச் சொல்லி வைத்திருந்தாள். கடைசியில் ஒருநாள் கிடைத்தது. அதில் அவர் மூன்று பேரைத் தாறுமாறாகத் திட்டியிருந்தார்.

"அம்மா நல்லாயிட்டாங்க," என்று மாடியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

இதற்கு நடுவே நான் பாட ஆரம்பித்திருந்தேன். பாட்டு எழுதி, கிட்டார் வாசித்துப் பாடுவேன். டிரம்ஸ் பிரபு. அவன் வீடு எங்கள் தெருவிலேயே கடைசியில். பேஸ் கிட்டார் அந்துவான். பிரபு வீட்டு மொட்டைமாடி அறையில் முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி வைத்து அங்கேதான் பயிற்சி. மாடியில் இருக்கிற அக்காவுக்கு நான் வீட்டில் பாடிப் பார்ப்பதெல்லாம் கேட்கும். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அடுப்புல இருக்கும்போது ருசி சொல்லக் கூடாது," என்பாள். பாட்டெல்லாம் பதிவாகி இணையத்தில் வந்த பிறகு கேட்டேன். "எதிர்வீட்டுக்காரன் வாயத் தொறக்கட்டும். அப்பறம் கேக்கறேன்." விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. எங்கள் தெருவில் பாட்டை உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்குப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

மொத்தம் ஐந்து பாட்டு. கடைசிப் பாட்டு முடிந்ததும் பதிவை யாரும் நிறுத்தவில்லை, மறந்துவிட்டோம். அது ஒரு நிமிஷம் ஓடியிருக்கிறது. கீழே இருந்து பிரபுவின் அம்மா கத்துகிறார்: "டேய் பிரபு, மோட்டார நிறுத்துடா. தண்ணி ரோட்டுக்குப் போவுது. தோச வேற ஆறுது. அந்தப் பொண்ண சாப்ட கூப்புடு, வந்ததுலேந்து கத்திக்கினே இருக்குது." அந்துவான் சிரிக்கிறான். டேங்க் நிரம்பித் தரையில் தண்ணீர் விழுகிற சத்தம். செருப்புகள் ஒவ்வொன்றாகப் படி இறங்குகின்றன. தண்ணீர் நிற்கிறது. ஒலிகளைச் சரிபார்க்கும்போது அதை வெட்டுவதற்காகத் தேடிப்போய், எனக்கு வெட்ட மனசு வராமல் விட்டுவிட்டேன். ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அந்த பெங்களூர்ப் பத்திரிகை அதற்குள் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு வந்திருந்தது. தைரியமாக அவர்களுக்கே அனுப்பி வைத்தோம். பதில் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் பிரபு போன் செய்தான். விமர்சனம் வந்திருந்தது. பாண்டிச்சேரியில் இருந்து ஒரு புதிய குரல் என்று ஆரம்பித்து நான்கு பத்தி, முழுக்கப் புகழ்ச்சி. ஐந்துக்கு நாலரை. கடைசியில் ஒரே ஒரு குறை: முடிவில் வருகிற அந்த வீட்டுச் சத்தம் எதற்கு, கத்தரிக்கோல் பிடிக்க ஆள் இல்லையா, பாட்டு தந்த மயக்கத்தை ஒரு வீட்டம்மா வந்து கலைக்கிறார் என்று எரிந்து விழுந்திருந்தார்.

அதற்கும் கீழே அந்த இரண்டு எழுத்து.

பிரபு போனில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நாடு முழுக்க இத்தனை விமர்சகர்கள் இருக்க, எங்களைப் புகழ இந்த ஆள்தானா கிடைத்தார்? எல்லாரும் வாழ்த்து அனுப்பினார்கள். அப்பா கம்பெனி நண்பர்களுக்கெல்லாம் அதை அனுப்பினார், அவர்களில் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும். நான் மாடிப் பக்கமே போகவில்லை.

அக்கா தானாகவே இறங்கி வந்தாள். படியில் எனக்கு மேல்படியில் உட்கார்ந்தாள்.

"பாத்தேன்டி."

நான் படியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினேன்.

"நாலு பத்தி."

"ஆமாக்கா."

"நாலர ஸ்டார்."

"நீதான் ஸ்டார எண்ண மாட்டியே."

"வேற எதையும் எண்ண வுடலையே அவன். என்னை இன்னா பண்ண சொல்ற?"

"ஒரு தடவ கேளுக்கா. அவர வுடு. என்னை உனக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்ச பொண்ணுன்னு கேட்டா அது பாட்டு கேக்கறதில்லடி. மொய் வெக்கறது."

எழுந்து மேலே போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. கடைசிப் படியில் நின்று, பாக்கெட்டில் சாவியைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவள் போட்டிருந்த நைட்டியில் பாக்கெட்டே கிடையாது.

அந்த மாதக் கடைசியில் கடற்கரைப் பக்கம் ஓர் இடத்தில் எங்களுக்குக் கச்சேரி. அங்கே விற்க சிடி போடுவதாகப் பேசி வைத்திருந்தோம். சிடி போடுகிற இடத்துக்குப் பதிவை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பிரபு ஒரே பிடிவாதமாக இருந்தான்.

"இருந்தது ஒரே ஒரு குறை. அத வெட்டிட்டா முடிஞ்சுது. எங்க அம்மா தோச ஆறுதுன்னு கத்தறத இந்தியா பூரா கேட்டாச்சு. சிடிலயும் எதுக்கு?"

"வெட்டிடலாம்," என்றான் அந்துவான். "எங்க அப்பாவும் அதான் சொன்னாரு. ப்ரோஃபெஷனலா இல்லையாம்."

இரண்டு பேரும் சொல்லும்போது, விமர்சகரும் சொல்லியிருக்கும்போது, நான் எதைச் சொல்லித் தடுப்பது? சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு வாசல் பக்கத்து அறையில் கணினியைத் திறந்து அந்த ஒரு நிமிஷத்தைக் குறித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள்.

"சிடி எப்ப வரும்?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஒண்ணு எடுத்து வையி. ஓசி வேணாம்."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிற முகம் இல்லை.

"நாலு பத்தி புகழ்ந்தவன்," என்று போனை நீட்டினாள், "இந்த ஒரு எடத்துல மட்டும் எதுக்கு இப்படி எரிஞ்சு வுழறான்? நேத்து பூரா இதேதான் மண்டையில. காலையில எழுந்து முதல் வேலையா அந்த எடத்த மட்டும் கேட்டேன்."

"கடைசி நிமிஷத்த மட்டுமா?"

"அங்கேந்து ஆரம்பிச்சேன். அந்தம்மா மோட்டார நிறுத்துன்னு கத்துதே, அப்ப ஒருத்தன் சிரிக்கறான். அந்துவான் தானே? நிறுத்தின பின்னாடி கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. டேங்குல சொட்டு மட்டும் வுழுது. அந்த எடம்தான்டி பாட்டு."

"மத்ததெல்லாம்?"

"அவன் சொன்ன மாதிரிதான். பளபளன்னு இருக்குது."

"அது நல்லதா கெட்டதா?"

"அவனுக்கு நல்லது."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐந்து பாட்டு, ஒன்றரை வருஷ உழைப்பு, எல்லாவற்றையும் ஒரு பளபளவில் முடித்துவிட்டாள். நான் பாடாத ஒரு நிமிஷத்துக்காக சிடி வாங்க வந்திருக்கிறாள். ஆனால் அந்த நிமிஷத்தை வெட்ட முடியாமல் விட்டது நான்தான். அது ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்ததை அவள் சொட்டு விழுகிற இடம் வரைக்கும் கேட்டுச் சொல்லிவிட்டாள்.

"அதத்தான் இப்ப வெட்டப் போறோம்," என்றேன்.

அக்கா கணினியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வெட்டிட்டா எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பிரபு வீட்டில் பெரிய சண்டை. அவன் குச்சிகளை வீசிவிட்டு, ஓர் அட்டைக் கம்பெனி அக்காவுக்காக நாலரை ஸ்டார் கொடுத்தவரை எதிர்க்கிறாயா என்று கேட்டான். ஆமாம் என்றேன். பாட்டு எழுதியது நான், முடிவதும் நான் சொல்கிற இடத்தில்தான் என்றேன். சத்தம் கேட்டு அவன் அம்மாவே மேலே வந்துவிட்டார். அவருக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

"என் குரலா அது? நல்லாதான இருக்குது. இதுல இன்னா சண்ட?" என்றவர், இறங்கிப் போகும்போது திரும்பி, "அன்னிக்கு நீ எங்கடா மோட்டார நிறுத்தின? அந்துவான் தான நிறுத்தினான்," என்று பிரபுவைக் கேட்டுவிட்டுப் போனார். பிரபு கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. சிடியில் அந்த நிமிஷம் இருந்தது.

அக்கா கச்சேரிக்கு வந்து, வரிசையில் நின்று, காசு கொடுத்து ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாடியில் இருந்து பிரபு அம்மாவின் குரல் கேட்கும். ஐந்து பாட்டையும் தாண்டி நேராக அங்கேதான் வைப்பாள். இரண்டு முறை என் அம்மா எங்கள் மோட்டாரை நிறுத்த ஓடியிருக்கிறாள்.

அடுத்த வருஷமே எதிர்வீட்டுக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்தத் தளம் அப்படியே இருந்தது, புதிதாக எதுவும் ஏறவில்லை. அவர் எங்கே போனார் என்று நானும் தேடிப் பார்த்தேன். இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? அக்கா மார்க்கெட் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்த அன்றைக்குத்தான் எனக்கு அந்த இழப்பு உறைத்தது.

"எல்லாம் அடுக்கி வெச்சிருக்கான். யார நம்பி எடுக்கறது?"

வேறொரு விமர்சகரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சில மாதம் படித்துப் பார்த்துவிட்டு, "இவன் ஒரு நாள் நம்ம மாதிரி பேசறான், ஒரு நாள் அவன மாதிரி. இவன நம்பித் தேங்கா கூட வாங்க முடியாது," என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு ஒரு வரன் வந்தது. அக்காவுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்பா வேலை பார்த்த மில் மூடின பிறகு அவர் படுத்த படுக்கையாகி, தங்கை கல்யாணம், அப்பாவின் சாவு என்று வருஷங்கள் அப்படியே ஓடிவிட்டன. மாப்பிள்ளை சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் அப்பா அப்படி இருந்தவர். பாரிசுக்கு வெளியே வேலை, மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது, சொந்த வீடு தவளக்குப்பத்தில். தங்கமான மனுஷன் என்று புரோக்கர் சொன்னார், சித்தப்பா சொன்னார், அவள் அம்மா சொன்னார், என் அம்மாவும் சொன்னாள்.

"அதான் பயமா இருக்குது," என்று என்னிடம் சொன்னாள். "ஒருத்தர் வாயிலேந்தும் ஒரு குறை வரல."

ஒரு விடுமுறை நாளில் என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தவளக்குப்பத்துக்குக் கிளம்பினாள். அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் என்று சொல்லாமல், அந்த ஆளைப் பற்றித் தெரியுமா என்று அக்கா கேட்டாள்.

"அவனா? லீவுல வந்தா ஒரு வார்த்த பேச மாட்டான். கல்யாணம் காட்சின்னா தலைய காட்டிட்டு ஓடிடுவான். பொழுதுன்னிக்கும் மாடியில ரேடியோவக் கட்டிக்கினு கெடப்பான். சத்தமாவாச்சும் வெப்பானான்னா அதுவும் இல்ல. இழுத்து இழுத்து ஒரே மாதிரி பாட்டு. எனக்குத் தூக்கமே வந்துடும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வண்டியை எடுத்தவள் அரியாங்குப்பம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள். பிறகு, "சரின்னு சொல்லிடப் போறேன்டி," என்றாள்.

கல்யாணமாகி பிரான்சுக்குப் போகும்போது சிடிகளை எல்லாம் கொண்டுபோனாள். துணிமணியைக் குறைத்துக்கொண்டு அதற்கு இடம் பண்ணினாள். பத்திரிகைகளை மட்டும் கட்டிக் கம்பெனிக்கே எடுத்துப்போய்த் தன் கையால் கூழ்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வந்த எடத்துக்கே போகட்டும் என்றாள். மாடிக்கு வேறு குடித்தனக்காரர்கள் வந்தார்கள். எதிர் மனையில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. அங்கே உண்மையிலேயே எதிர்வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டு எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை.

எங்கள் குழு அதிக நாள் நீடிக்கவில்லை. நான் இப்போது ஓர் இணைய இதழில் சினிமா சாராத புதிய தமிழ்ப் பாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுகிறேன். முழுப் பெயர் போட்டே எழுதுகிறேன். போன மாதம் திருச்சிப் பெண் ஒருத்தியின் தொகுப்பு வந்தது. எனக்கு ஆகவில்லை. ரொம்ப மெதுவாகப் போகிறது, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது, மூன்றாவது பாட்டில் எங்கேயோ பஸ் ஹாரன் அடிக்கிறது, அதையும் விட்டுவைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் எழுதினேன். கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன்.

சில நாள் கழித்து பிரான்சில் இருந்து ஒரு குரல் பதிவு வந்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் அக்கா பேசுவாள்.

"ஏன்டி எதிர்வீட்டுக்காரி," என்று ஆரம்பித்தாள்.

"திருச்சிப் பொண்ண அந்தத் திட்டு திட்டியிருக்கியே. வாங்கிட்டேன்டி. வாரம் பூரா இங்க அதான் ஓடுது. அந்த ஹாரன் அடிக்கற எடத்துல உங்க மாமா சமையல நிறுத்திட்டு வந்து நிக்கறாரு. போன வருஷம் நீ திட்டினதும் இப்படித்தான். நீ புகழ்ந்த ரெண்டும் உதவாது. ரொம்ப நாளா சந்தேகமாவே இருந்துச்சு, இப்ப உறுதியாயிடுச்சு. இனிமே எனக்குக் கவல இல்ல. நல்லா சாப்புடு. ஒழுங்கா எழுது. நடுவுல மனசு மாறிடாத."

பேச்சுக்குப் பின்னால், மெலிதாக, ரேடியோவில் யாரோ இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலையில் இன்னொரு தொகுப்பு வந்திருக்கிறது. இரண்டு முறை முழுதாகக் கேட்டுவிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. எந்தெந்த இடத்தில், எதனால் பிடிக்கவில்லை என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒருத்தி வாங்கக் காத்திருக்கிறாள்.